அரைப் பேர்

மூட்டம் விலகியது பதினொரு நிமிஷம்.
அப்புத்தளைக்கு மேலே, எங்கள் லயத்துத் தண்ணித் தொட்டியில்
குழாயை நிறுத்தி உச்சிக்கு நேரே பார்த்தேன்.
மஞ்சளாய்ப் பெரியது ஒன்று. அதன் பக்கத்தில்
உப்புக்கல் மாதிரி ஒரு வெள்ளை.
அதற்கென்று பேர் இல்லை.
நாற்பது எரிடானி பி:
பக்கத்து மீனோடு பங்கு போட்ட பேரும்
ஓர் எழுத்தும்.

இதை நாங்கள் அரைப் பேர் என்போம்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து சேராத நாளில்
செக்ரோலில் விழுவது.

பகலில் மடுவத்தில் நிறுவை எழுதுகிறேன்.
இரவில் திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஆய்வறிக்கை.
இரண்டுக்கும் ஒரே கொப்பி,
முன்பக்கம் கொழுந்து, பின்பக்கம் வெள்ளைக் குள்ளன்.

நிறமாலை சிலியிலிருந்து வந்தது.
சிக்னல் கிடைக்கிற ஒரே வளைவில்
மழைக்கோட்டுக்குள் போனை ஒளித்து இறக்கினேன்.

மீனைக் கொக்கியில் மாட்ட முடியாது.
அதன் வெளிச்சத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.
அந்த ஆழத்திலிருந்து ஏறி வருகிற ஒளி
ஏற்றத்தில் கொஞ்சம் களைத்து
கொஞ்சம் சிவந்து வருகிறது.
ஐதரசன் கோடு தன் இடத்தைவிட்டு
அரை ஆங்ஸ்ட்ராமும் சொச்சமும் தள்ளி நிற்கிறது.
மஞ்சள் மீனின் ஓட்டத்தைக் கழித்தால்
மிச்சம் அந்த மூச்சிரைப்பு மட்டும்.
அதுதான் எடை. சரியாகச் சொன்னால்
எடையை ஆரத்தால் வகுத்தது.

ஆரத்துக்கு வேறு வழி.
சூடு பதினேழாயிரம் கெல்வின், தூரம் பதினாறு ஒளியாண்டு.
இத்தனை சூட்டிலும் இத்தனை மங்கல் என்றால்
ஆள் சிறியது.
பூமியைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லை.
பாரமோ சூரியனில் பாதிக்கு மேல்.

அடுப்பு அணைந்து பத்துக் கோடி வருஷமாவது இருக்கும்.
இன்னும் நொறுங்காததற்கு இலத்திரன்கள் காரணம்:
ஒன்று படுத்த இடத்தில் இன்னொன்று படுக்காது.
பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில்
நாங்கள் எட்டுப் பேர்.
அந்த அத்தியாயம் ஒரே வாசிப்பில் விளங்கியது.

ஒரு தேக்கரண்டி அள்ளினால்
ஆயிரத்து எண்ணூறு கிலோ.
விடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நூறு பெண்கள், நூறு முழுப் பேர்,
ஒரு கரண்டியில்.

செவ்வாய்க்கிழமை அன்னகாமு அக்காவின் சாக்கு
பத்தொன்பது புள்ளி நாலு காட்டியது.
"ரெண்டு கழி" என்றார் பீல்ட் ஒபிசர் ஜெகசோதி,
"சாக்குக்கும் ஈரத்துக்கும்."
வெறும் சாக்கை மாட்டினேன். முந்நூற்றைம்பது கிராம்.
மூன்று நாளாக வெயில், சேர், என்றேன்.
அவர் சிரித்தார்.
"எந்த அளவையிலும் பிழை இருக்கும் பிள்ளை,
நீதான் படிக்கிறாயே."

இருக்கும்தான். என் அறிக்கையிலும் இருக்கிறது.
கூட்டலையும் கழித்தலையும்
ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி ஒப்புக்கொள்கிறோம்.
பிழைக்கு இரண்டு பக்கமும் போகத் தெரியும்.
கழிவு ஒரு பக்கம்தான் போகிறது,
அக்கா கூடை தூக்கிய நாளிலிருந்து
ஒரே பக்கம்.

குள்ளனையும் குறைத்துத்தான் எழுதியிருந்தார்கள்,
புள்ளி நாலு மூன்று என்று.
ஒரு தனி மீன் அவ்வளவு மெலிவதற்கு
அண்டத்துக்கே வயது போதாது;
தெரிந்தும் அந்த எண் வெகுகாலம் நின்றது.
பிறகு சுற்றுப்பாதையை மறுபடி அளந்தார்கள்.
புள்ளி ஐந்து ஏழு.
மீன் கொழுக்கவில்லை.

பத்தொன்பது புள்ளி பூச்சியம் ஐந்து என்று எழுதினேன்,
மையால்.
ஜெகசோதி கொப்பியைப் பிடுங்கினார்.
பிடுங்கிய வேகத்தில் அது பின்பக்கமாகத் திறந்துகொண்டது.
கோடு கோடாய் எண்கள், அடியில்
இரட்டைக் கோடிட்ட ஒரு பாரம்.
"இது யாருடைய நிறுவை?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"எந்த டிவிசன்?"